கைத்தடம் பதிந்த விளக்குக் கோபுரம்

முன்னொரு காலத்தில், கடலுக்குக் காது கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், வெண்மணல்துறை என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. கோடை வந்தால் ராஜாக்கள் அங்கேதான் காற்று வாங்க வருவார்கள். ஊரில் பார்ப்பதற்கு மூன்றே பொருள்: கடலுக்குள் இறங்கும் நூறு படிகள், யானைபோல் படுத்த பாறை, கரையோரம் ஒரு விளக்குக் கோபுரம்.

விருந்தாளிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுபவர் சடையாண்டி. ஒரு நாள், "இந்தப் படிகளைத் தேவர்கள் ஒரே ராத்திரியில் செதுக்கினாங்க!" என்று அளந்துவிட்டார்.

அலை பிளந்தது. தோளில் வலையோடு ஒரு மாயாவி எழுந்தான். அவன் தலை மேகத்தில் இடித்தது.

"பொய் உங்களுக்கு, பொருள் எனக்கு!"

வலை விழுந்தது. நூறு படிகளும் மீன்குஞ்சுகள்போலத் துள்ளி அதற்குள் போயின.

ஊரே நடுங்கியது. ஆனால் பழகிய நாக்கு சும்மா இருக்குமா? மறுவாரம் ஒரு ராணி பாறையைப் பற்றிக் கேட்டாள். "பட்டத்து யானை தாயே, சாபத்தில் கல்லாப் போச்சு!"

"பொய் உங்களுக்கு, பொருள் எனக்கு!"

பாறையும் போயிற்று.

மூன்றாவதாக ஒரு ராஜா வந்து கோபுரத்தின் முன் நின்றார். சடையாண்டி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். அவருடைய தங்கை மகள் நீலாயி முன்னால் வந்தாள். அந்திக் கருக்கலில் அவள் அப்பாவின் படகு இன்னும் கடலில் இருந்தது. கோபுரத்து வெளிச்சம் இல்லாவிட்டால் படகு கரை தெரியாமல் வழி தவறிவிடும். மாயாவியோ வலையை விரித்துக் காத்திருந்தான்.

"யார் கட்டியது, பெண்ணே?"

"தெரியாது ராசா."

"என் பாட்டனாராக இருக்குமோ?"

"இருக்கலாம். எனக்குத் தெரியாது."

"அவர்தான் என்று சொல். விளக்குக்கு ஒரு வருஷத்து எண்ணெய் தருகிறேன்."

சடையாண்டி விரலிடுக்கில் முணுமுணுத்தார்: "ஏ புள்ள, ராசாகிட்டப் போய் தெரியாதுங்கிறியே, மானம் போவுது!"

"சும்மா இரு மாமா," என்றாள் நீலாயி. "ராசா, தெரியாதது தெரியாதுதான். தெரிஞ்சதைக் காட்டுறேன், வாங்க."

உள்ளே, சுண்ணாம்புச் சுவரில் ஒரு கைத்தடம் பதிந்திருந்தது. பூச்சு காயுமுன் யாரோ ஊன்றிய கை. நீலாயி தன் கையை அதன்மேல் வைத்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது.

"என் கையளவு. பேர் தெரியாது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

ராஜா குனிந்து செருப்பைக் கழற்றினார்.

வெளியே வலை கிழிந்தது. படிகள் ஒவ்வொன்றாய் வந்து தம் இடத்தில் அமர்ந்தன. யானைப்பாறை காதில் நட்சத்திர மீனோடு திரும்பிப் படுத்தது. மாயாவி நுரையாகிக் கரைந்தான். வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு படகு கரை சேர்ந்தது. நூறு படிகளும் ஏறி, ஈரக் காலோடு அப்பா வந்தார்.

ஒரு வருஷத்து எண்ணெயும் வந்தது, பாட்டனார் பேர் இல்லாமல்.

இப்போதும் வெண்மணல்துறைக்குப் போய் அந்தக் கோபுரத்தைக் கட்டியது யார் என்று கேளுங்கள். "தெரியாது" என்பார்கள். அப்புறம், "செருப்பைக் கழற்றிட்டு உள்ளே வாங்க" என்பார்கள்.