இறங்காத தூண்

அந்தக் காலத்தில் சிகாகோ நகரத்துக் கட்டடக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதுக் கட்டடத்தின் வாசற்படியைத் தெருவைவிட ஒரு சாண் உயரத்தில் வைப்பார்கள். நடைபாதையை அந்த வாசலை நோக்கி மேட்டுச் சரிவாகப் போடுவார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால், மட்டம் பார்க்கத் தெரியாதவர்கள் என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

மட்டம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த ஊருக்குக் கீழே இருப்பது ஈரக் களிமண். பாறை எங்கோ ஆழத்தில் கிடக்கிறது. பத்து மாடி ஏற்றினால் கட்டடம் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கும். இரண்டொரு வருஷத்தில் வாசற்படி தெருவுக்குச் சமமாக வந்து நின்றுவிடும். இறங்கப் போவதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துத்தான் அவ்வளவு உயரம்.

எனக்கு அந்த மனிதர்களை ரொம்பப் பிடிக்கும். ஊரில் பாதி தீயில் எரிந்து சாம்பலானது. மிஞ்சிய மண்ணும் காலை வாரிவிடுகிற மண். அதன்மேல் நின்றுகொண்டு, முன்பு யாரும் கட்டாத உயரத்துக்குக் கட்டினார்கள். அந்தத் துணிச்சல் லேசில் வராது.

அவர்களில் ஒருவர் ஹால்வர் பிரெக்கே. நார்வேயிலிருந்து குடியேறியவர்களின் மகன். நாற்பதைத் தொடாதவர். பேச்சு குறைவு. அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் கிடைக்காது, ஒரு வேலை கிடைக்கும் என்று அவருடைய அலுவலகத்தில் சொல்வார்கள்.

அவரிடம் தொழில் கற்க வந்த சீடர் எஸ்ரா விட்கோம். வயது ஐம்பத்திரண்டு. பாஸ்டன் பக்கத்தில் கருங்கல் தேவாலயங்களாகக் கட்டிப் பெயர் வாங்கியவர். இரும்புச் சட்டத்தில் எழும் உயரமான கட்டடங்களைப் படத்தில் பார்த்தார். தூக்கம் போயிற்று. இருந்த தொழிலை விட்டுவிட்டு ரயிலேறி வந்து, பிரெக்கேயின் வரைபட மேசை ஒன்றில் உட்கார்ந்துகொண்டார். குருவுக்கு மீசை தடிப்பதற்குள் சீடருக்கு நரைத்துவிட்டது என்று மற்ற வரைவாளர்கள் கேலி பேசினார்கள். எஸ்ரா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வயதில் முதல் பெஞ்சில் வந்து உட்கார எத்தனை பேருக்கு மனசு வரும்?

வந்த புதிதில் அவர் கேட்டார்.

"மிஸ்டர் பிரெக்கே, இந்த மண்ணில் இறங்காத கட்டடத்தை எப்படிக் கட்டுவது?"

பிரெக்கே தொப்பியை எடுத்துக்கொண்டு அவரை வெளியே அழைத்துப் போனார். தான் கட்டிய ஒரு கட்டடத்தின் முன்னால் நிறுத்தினார். நடைபாதை வாசலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்று கேட்டார் எஸ்ரா.

"இன்னும் இறங்க வேண்டிய பாக்கி."

"இறங்காமல் போனால்?"

"வருகிறவர்கள் தடுக்கி விழுவார்கள்," என்றார் பிரெக்கே. அதோடு பேச்சு முடிந்தது.

அந்த வருஷம் டன்லீவி என்ற தானிய வியாபாரி ஒரு தெருமுனையில் பத்து மாடிக் கட்டடம் கேட்டிருந்தார். கீழ்த்தளக் கூடத்தை எஸ்ராவிடம் ஒப்படைத்தார் பிரெக்கே. எஸ்ரா அங்கே ஒரு வளைவு வரைந்தார். கூடத்தின் பக்கத் தூண் ஒன்றில் தொடங்கி, நடுவில் தனியாக நிற்கும் ஒரு தூணில் வந்து இறங்கும் வளைவு. அதன் உட்புறம் முழுக்கக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த சித்திரம்: கோதுமைக் கதிர்கள், நடுவே ஏரியின் நீலம். வரைபடத்தைப் பார்த்த பிரெக்கே அதை ஜன்னலருகே கொண்டுபோய் விரித்தார். பிறகு, "இதை நான் வரைந்திருக்க முடியாது," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை யாரும் கேட்டதில்லை. எஸ்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிரெக்கேயின் கட்டடங்களில் ஒவ்வொரு தூணுக்கும் தனித்தனி அடித்தளம். தண்டவாளத் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கான்கிரீட்டில் புதைப்பார்கள். எந்தத் தூண் எவ்வளவு பாரம் சுமக்கிறதோ, அதற்குத் தக்க அகலம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நடுவில் நின்ற அந்தத் தூணுக்கு மேலே வளைவையும் ஒரு மாடித் தளத்தின் ஓரத்தையும் தவிர வேறு பாரமில்லை. அதனால் அதற்கு வைத்தது சின்ன அடித்தளம்.

அந்தச் சமயம் பார்த்து பிரெக்கே வேறொரு வேலையாக மில்வாக்கி நகரத்துக்குப் போக வேண்டி வந்தது. எஸ்ரா வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். இத்தனை பெரிய கட்டடத்தில் தன் வளைவின் காலடியில் மட்டும் இத்தனை சின்ன அடித்தளமா என்று மனசு அடித்துக்கொண்டது. பென்சிலை எடுத்தார். அகலத்தை இரட்டிப்பாக்கினார். பாஸ்டனில் யாரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர் அங்கே கட்டிய இடங்களில் எல்லாம் கீழே பாறை.

கட்டடம் எழுந்தது. பிரெக்கே நினைத்தபடியே இறங்கவும் தொடங்கியது. தூண்கள் எல்லாம் ஒன்றாக இறங்கின. எஸ்ராவின் தூண் மட்டும், அடித்தளம் அகன்றதால் மண்ணை அழுத்தாமல், அப்படியே நின்றது.

கூடத்தின் தரை அந்தத் தூணைச் சுற்றி மேடு தட்டியது. பக்கத்து அறைக் கதவு திறக்கவில்லை. ஒரு காலையில் வளைவின் நெற்றியில், ஏரியின் நீலத்துக்கு நடுவே, ஒரு விரிசல் ஓடியிருந்தது. அடியில் கண்ணாடிச் சில்லுகள் உதிர்ந்து கிடந்தன.

டன்லீவி வந்து பார்த்தார். முகம் சிவந்தது.

"அறுவடை முடிந்ததும் வியாபாரிகள் குடிவருகிறார்கள். அதற்குள் இந்தத் தரை சமமாக வேண்டும். இல்லையென்றால் வளைவை இடித்துத் தள்ளுங்கள். அதை வைத்த ஆளையும் அனுப்பிவிடுங்கள்."

எஸ்ரா வாயைத் திறந்தார். பிரெக்கே முந்திக்கொண்டார்.

"அடித்தளம் என் பொறுப்பு, மிஸ்டர் டன்லீவி."

டன்லீவி முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். எஸ்ராவுக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை.

"அகலத்தை மாற்றியது நான்," என்றார்.

"தெரியும். உங்கள் பென்சில் கோடு கொஞ்சம் அழுத்தமாக விழும்."

"எப்போது தெரிந்தது?"

"நேற்று. விரிசலைப் பார்த்த பிறகுதான் வரைபடத்தை எடுத்தேன். மில்வாக்கியிலிருந்து வந்த அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும்."

எஸ்ரா மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டார்.

"நான் குறைத்து வைக்கவில்லையே, மிஸ்டர் பிரெக்கே. கூட்டித்தானே வைத்தேன்? பலமாக இருப்பது எப்படித் தப்பாகும்?"

பிரெக்கே அவரைப் பின்வாசல் பக்கம் அழைத்துப் போனார். அங்கே சில ஆட்கள் ஒரு நீண்ட மர உத்தரத்தைத் தோளில் வைத்து நிலவறைக்குக் கொண்டுபோகத் தயாராக நின்றார்கள். நிலவறை வாசல் தாழ்வானது. எல்லோரும் ஒன்றாகக் குனிந்துதான் நுழைய வேண்டும்.

"கோட்டைக் கழற்றுங்கள்," என்றார் பிரெக்கே. "நடுவில் போய்த் தோள் கொடுங்கள்."

எஸ்ரா கழற்றினார். தோள் கொடுத்தார். பாஸ்டனில் இளவயதில் கல் சுமந்த தோள்தான். உத்தரம் அவருக்குப் பெரிய பாரமாகத் தெரியவில்லை.

"வாசலுக்குச் சற்று முன்னால் நிற்பீர்கள். அவர்கள் குனிவார்கள். நீங்கள் மட்டும் குனிய வேண்டாம்."

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி என்று நடந்தார்கள். வாசலை நெருங்கியதும், முன்னால் நின்றவர் குரல் கொடுக்க, எல்லோரும் மெல்ல முழங்காலை மடக்கினார்கள். எஸ்ரா நிமிர்ந்து நின்றார்.

உத்தரம் முழுக்க அவர் தோளில் வந்து உட்கார்ந்தது. எஸ்ராவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அவர் குரல் மாதிரியே இல்லை. பிரெக்கே கையைக் காட்ட, ஆட்கள் சட்டென்று எழுந்து பாரத்தை வாங்கிக்கொண்டார்கள். எஸ்ரா தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"வலித்ததா?"

"உயிரே போய்விட்டது."

"நீங்கள் பலசாலிதான். அதனால்தான் இவ்வளவு நேரம் தாங்கினீர்கள்," என்றார் பிரெக்கே. கையைக் கொடுத்து அவரைத் தூக்கிவிட்டார்.

மறுநாள் நிலவறையில் அந்தத் தூணைச் சுற்றித் தோண்டினார்கள். எஸ்ரா தானே குழியில் இறங்கினார். யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. கான்கிரீட்டின் ஓரங்களை உடைத்து, நீட்டிக்கொண்டிருந்த தண்டவாள நுனிகளை அறுக்க வேண்டும். ஒரே நாளில் செய்கிற வேலையில்லை. கொஞ்சம் அறுத்துவிட்டு, மண் என்ன சொல்கிறது என்று பார்த்து, மறுபடி அறுக்க வேண்டும்.

"எவ்வளவு வெட்டுவது?" என்று குழியிலிருந்து கேட்டார் எஸ்ரா.

"பயத்தில் எவ்வளவு சேர்த்தீர்களோ, அவ்வளவு."

எஸ்ரா வெட்டினார். தன் பிள்ளையின் காலில் தானே கத்தி வைப்பது மாதிரி இருந்தது அவருக்கு. வெட்டு சற்று அதிகமானால் தூண் ஒரேயடியாகச் சாயும், வளைவு மிஞ்சாது. குறைந்தால் அறுவடை முடிந்து டன்லீவியின் ஆட்கள் கடப்பாரையோடு வருவார்கள். பிரெக்கே தினமும் வந்து குழியின் விளிம்பில் உட்கார்ந்துகொள்வார். விளக்கைப் பிடித்துக்கொள்வார். ஊரில் இத்தனை வேலை காத்திருக்க, தன் சீடரின் தவறுக்கு விளக்குப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதரை என்னவென்று சொல்வது!

வெளியே குளிர்காற்று தொடங்கியிருந்தது. தானிய வண்டிகள் நகரத்துக்குள் வர ஆரம்பித்துவிட்டன. தூண் அசையவில்லை. டன்லீவி ஆள் அனுப்பிக் கேட்டார். இன்னும் ஒரு வாரம் என்று பிரெக்கே சொல்லி அனுப்பினார்.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு நாள், எஸ்ரா கடைசித் தண்டவாள நுனியை அறுத்துவிட்டுக் குழியிலிருந்து ஏறினார். உடம்பெல்லாம் களிமண். கூடத்துக்கு வந்து வளைவின் கீழே நின்றார். பிரெக்கேயும் பக்கத்தில் வந்து நின்றார்.

மேலே எங்கேயோ ஒரு முனகல் கேட்டது. வளைவின் நெற்றியிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கொட்டியது. விரிசலின் இரண்டு உதடுகளும் மயிரிழை அளவுக்கு ஒன்றையொன்று நெருங்கின.

தூண் இறங்கத் தொடங்கியிருந்தது.

எஸ்ராவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே பயமும் வந்தது. தான் வரைந்த ஒன்று, தன் கண்ணெதிரிலேயே, தானே செய்த காரியத்தால் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் குரு பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு தூரம் இறங்கும், மிஸ்டர் பிரெக்கே? எங்கே போய் நிற்கும்?"

பிரெக்கே தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"பக்கத்துத் தூண்களைக் கேளுங்கள்," என்றார்.