முயல் மிதித்துப் போட்ட வழி

பனிமலை உச்சியில், ஒற்றைத் தேவதாரு மரத்தடியில் பஞ்சுக்காலன் என்றொரு வெள்ளை முயல் இருந்தது. அதன் பாதங்கள் அகலமானவை. ஆள் புதையும் பனியிலும் புதையாமல் ஓடும். அடிவாரத்து ஓநாய்க்கோ ஒல்லிக் கால்கள். நான்கு எட்டு வைத்தால் வயிறுவரை புதைந்துவிடும். அதனால் முயல் நிம்மதியாக இருந்தது.

அடிவாரத்தில் மனிதர்கள் பனி ஸ்கூட்டர் ஓட்டும் பாதை ஒன்று உண்டு. தினமும் மாலையில் பெரிய இயந்திரம் ஒன்று வந்து அதன் பனியை அழுத்திச் சமன்செய்யும். "அடடா, தோசைக்கல் மாதிரி என்ன வழவழப்பு!" என்று முயல் மேலிருந்து பார்த்து ஏங்கும்.

ஒருநாள் துடுக்குக்காரன் ஒருவன் பாதையை விட்டு விலகி, ஸ்கூட்டரை உறுமவிட்டு உச்சிக்கே ஏற்றினான். தேவதாருவை ஒரு சுற்றுச் சுற்றி, வந்த தடத்திலேயே இறங்கிப் போனான். குளிரில் அந்தத் தடம் கல்லாக இறுகியது.

முயலுக்குத் தலைகால் புரியவில்லை. "என் வீட்டு வாசலுக்கே ரோடு வந்துடுச்சு!" என்று மேலும் கீழும் ஓடியது.

பக்கத்தில் பனிக்குழி தோண்டிக் குடியிருந்த கௌதாரி தலையை நீட்டியது. "அண்ணே, இதுல அப்படி என்ன சுகம்?"

"ஓடைக்கரைக்குப் பாதி நேரத்துல போய்டலாம், தங்கச்சி!"

"அடுத்த பனி பெஞ்சா மூடிடும். மூடட்டும், விடுங்க."

"மூட விடுவேனா? மனுஷன் மெஷினால செய்யறதை நான் காலால செய்வேன்!"

சொன்னபடியே செய்தது. பனி பெய்யப் பெய்ய மிதித்தது. ஒரு வாரம் மிதித்ததில் தடம் முன்னைவிடக் கெட்டியானது.

"இதுல நீங்க மட்டும்தான் நடப்பீங்களா, அண்ணே?" என்றது கௌதாரி.

"நான் போட்ட வழி! வேற யார் வரப்போறா?"

மறுநாள் நண்பகலில் ஓநாய் வந்தது. ஒரு கால்கூடப் புதையவில்லை.

"ரொம்ப நன்றி, மாப்பிள்ளை! உன் வீட்டுக்கு வர எத்தனை வருஷமா ஆசை தெரியுமா? வழிதான் இல்லாம இருந்துச்சு!"

முயல் அலறியடித்துக்கொண்டு ஓடியது. எங்கே? பழக்க தோஷம், தான் மிதித்த தடத்திலேயே ஓடியது! கெட்டித் தரையில் ஓநாயோடு ஓடி ஜெயிக்க முடியுமா? தேவதாருவைச் சுற்றுவதற்குள் ஓநாயின் பல் வாலில் பட்டது.

"வழியை விட்டுக் குதிங்க, அண்ணே!" என்று கத்தியது கௌதாரி.

முயல் பக்கவாட்டில் மெத்தென்ற பனிக்குள் குதித்தது. வால் ஓநாயின் வாயோடு போயிற்று. ஓநாயும் பின்னாலேயே பாய்ந்து கழுத்துவரை புதைந்தது. அது தட்டுத்தடுமாறி எழுவதற்குள் முயல் எதிர்ச்சரிவில் இருந்தது.

மாலையில் மறுபடி பனி பெய்தது. ஓநாய் இறங்கிப் போனபின் திரும்பி வந்த முயல், வால் இருந்த இடத்தை நக்கியபடி மரத்தடியில் உட்கார்ந்திருந்தது.

"மிதிக்கலையா, அண்ணே?"

"பெய்யட்டும், தங்கச்சி. இன்னும் நல்லாப் பெய்யட்டும்!"

நம்மைக் காக்கும் கரடுமுரடை நம் சுகத்துக்காக நாமே சமன்செய்தால், அதில் நம் பகைவனும் நடந்து வருவான்.