அரசருக்கு வில்லை இல்லை

முன்னொரு காலத்தில், மழை எட்டிப் பார்ப்பதையே மறந்துவிட்ட ஒரு நாட்டில், செங்கோடவர்மர் என்றோர் அரசர் இருந்தார். நல்லவர்தான். ஆனால் யாராவது "மன்னர் வாழ்க!" என்று கத்திவிட்டால் போதும், முகம் பூரித்துவிடும்.

பஞ்சம் முற்றியது. அரண்மனைக் களஞ்சியத்தைத் திறந்து குடிமக்களுக்கு நெல் கொடுப்பதென்று முடிவானது. அப்போது அரசருக்கு ஓர் ஆசை வந்தது.

"என் நெல்லைத் தின்பவர்கள் என்னை வாழ்த்தட்டுமே! வாழ்த்தாத வாய்க்கு ஒரு மணிகூடக் கிடையாது" என்றார்.

களஞ்சிய அதிகாரி மழவராயர் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அற்புதம், மன்னா! யாருடைய வாழ்த்து என் காதில் விழுகிறதோ அவருக்கு ஒரு செப்பு வில்லை கொடுக்கிறேன். வில்லையைக் காட்டினால் நெல்."

வில்லைகள் எல்லாம் மழவராயருக்கு வேண்டிய ஊர்களுக்கே போய்ச் சேர்ந்தன. கொழிஞ்சிப்பட்டிக்கு மட்டும் ஒன்றுகூடப் போகவில்லை. அந்த ஊர் ஏரியைத் தன் மைத்துனனுக்கு விட்டுத்தரும்படி அவர் கேட்டிருந்தார். ஊரார் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்த ஊரில் களை எடுத்துப் பிழைத்தவள் ஆவுடை. களை முளைக்கவே ஈரமில்லாத வருடம் அது. வீட்டில் மகள் எழுந்து நிற்கவும் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தாள். ஆவுடை ஊரார் சிலரோடு தலைநகருக்கு நடந்தே வந்து, அரண்மனை வாசலில் விகடகவி அம்பலக்கூத்தரை மறித்தாள்.

"நாங்களும் தொண்டை கிழியக் கத்துனோம் சாமி. எந்த ஊருன்னு கேட்டாங்க. கொழிஞ்சிப்பட்டின்னதும், காதுல விழலையேன்னுட்டாங்க. வீட்டுல எம் மவ எந்திரிக்க முடியாமக் கெடக்கா."

கூத்தருக்குச் சிரிப்பு வரவில்லை. சபைக்குப் போய் அப்படியே சொன்னார்.

மழவராயர் அசரவில்லை. அரசர் கூத்தரைத் தோளில் தட்டிப் பேசுவதைப் பார்த்துப் பல நாளாகப் புகைந்துகொண்டிருந்தவர் அவர். "மன்னா, கூத்தர் இவ்வளவு கவலைப்படுகிறார். களஞ்சியக் காவலை அவரிடமே ஒப்படைத்துவிடலாம். வில்லை இல்லாமல் ஒரு மணி நெல் வெளியே போனாலும் அவர் தலை போகட்டும்" என்றார். கூத்தர் இளகிய மனசுக்காரர். அழுகிற முகத்தைப் பார்த்தால் அள்ளிக் கொடுத்துவிடுவார், அதோடு ஒழிந்தார் என்று மழவராயர் மனசுக்குள் எண்ணிக்கொண்டார்.

"யார் வந்து கேட்டாலுமா, மன்னா?" என்றார் கூத்தர்.

"யார் கேட்டாலும்தான்!" என்றார் அரசர்.

"உத்தரவு."

மறுநாள் காலையில் அரண்மனைச் சமையற்காரர்கள் கூடையோடு வந்தார்கள்.

"வில்லை எங்கே?" என்றார் கூத்தர்.

"இது அரசருக்குச் சமைக்க ஐயா!"

"அப்படியானால் அரசருடைய வில்லையைக் காட்டுங்கள்."

அவர்கள் விழித்தார்கள். கூடை காலியாகவே திரும்பியது. அடுத்து யானைப்பாகன் வந்தான். "உன் யானை மன்னரை வாழ்த்தியதா?" என்று கேட்டார் கூத்தர். "பிளிறிச்சுங்க" என்றான் பாகன். "மழவராயர் காதில் விழுந்ததா?" என்றதும் அவனும் தலையைச் சொறிந்துகொண்டே போனான்.

மதியமாயிற்று. அரண்மனையில் இலை போட்டார்கள். இலையில் இரண்டு வாழைப்பழம்தான் இருந்தது. அவற்றைத் தின்றதும் அரசருக்குப் பசி இன்னும் கிளர்ந்தது. கண் இருட்டியது. கோபத்தோடு களஞ்சியத்துக்கே நடந்து வந்துவிட்டார். பின்னால் மழவராயர் ஓடி வந்தார்.

வாசலில் கொழிஞ்சிப்பட்டிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஆவுடை.

"கூத்தரே, கதவைத் திறவும்!"

"வில்லை, மன்னா?"

"உத்தரவு போட்டவனே நான்தானய்யா!"

"அதனால்தான் பயமாக இருக்கிறது, மன்னா. வேறு யாராவது போட்டிருந்தால் மீறியிருப்பேன். தாங்கள் 'மன்னர் வாழ்க' என்று சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லையே."

அரசர் அக்கம்பக்கம் பார்த்தார். "மன்னர்... வாழ்க" என்றார், ஈனசுரத்தில்.

"கேட்டது, கேட்டது!" என்று மழவராயர் பாய்ந்து வந்து வில்லையை நீட்டினார்.

கூத்தர் கைகூப்பினார். "ஆகா, என்ன கூர்மையான காது! மன்னா, இந்த அம்மாளும் ஒருமுறை சொல்லட்டுமா?"

ஆவுடை எழுந்தாள். இருந்த உயிரையெல்லாம் திரட்டி, "மன்னர் வாழ்க!" என்றாள். களஞ்சியக் கூரையிலிருந்த புறாக்கள் படபடவென்று பறந்தன.

அரசர் திரும்பினார். "மழவராயரே, இது உமக்குக் கேட்டதா?"

மழவராயர் பறந்த புறாக்களை அண்ணாந்து பார்த்தார். அரசர் ஆவுடை பக்கம் திரும்பினார்.

"ஏனம்மா, உன் குரல் மட்டும் இவருக்கு ஏன் கேட்பதில்லை?"

"ஏரியை அவரு மச்சினனுக்கு விடமாட்டோம்னு சொன்னோம் சாமி. அது மட்டும் அவருக்கு நல்லாக் கேட்டுச்சு."

"மன்னா!" என்று மழவராயர் குறுக்கிட்டார். "தங்களையே பட்டினி போட்ட இவர் ராஜத் துரோகி!"

"என்மேல் குற்றம் உண்டு, மன்னா" என்றார் கூத்தர். "உத்தரவை மீறாமல் இருந்துவிட்டேன். எனக்கும் வில்லை கிடையாது. நேற்றிரவு முதல் நானும் பட்டினி."

அரசர் அவரைப் பார்த்தார். பிறகு வரிசையில் இருந்த முகங்களைப் பார்த்தார். அரை நாள் பசிக்கே தன் கால் நடுங்குவது அவருக்கு உறைத்தது. வில்லையைத் தரையில் வீசி எறிந்தார்.

"கதவைத் திறவுங்கள்! இனி வில்லையும் வேண்டாம், வாழ்த்தும் வேண்டாம். எந்த ஊர், யார் பக்கம் என்று ஒருவரும் கேட்கக்கூடாது. மழவராயரே, இன்றோடு உம் அதிகாரம் போயிற்று. கொழிஞ்சிப்பட்டிக்கு மூட்டை சுமந்து போய், வீடு வீடாக நீரே அளந்து கொடும். ஏரி ஊராருடையதே."

அரசர் பின்னாலேயே வந்திருந்த சமையற்காரன் அவருக்காகக் கூடையை முன்னே நீட்டினான். அரசர் அவனைத் தடுத்தார். "அந்த அம்மாள் எனக்கு முன்னால் வந்தவள்."

ஆவுடையின் முந்தானையில் நெல் விழுந்தது. பழக்க தோஷத்தில் அவள் வாயெடுத்தாள்: "மன்னர் வா..."

"வேண்டாம் தாயே" என்றார் அரசர் அவசரமாக. "முதலில் போய் உன் மகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடு. நீயும் சாப்பிடு. அப்புறம் தோன்றினால் சொல்."

ஆவுடை முந்தானையை இறுக்கி முடிந்துகொண்டாள்.

"அப்ப சரி சாமி. சாப்பிட்டுட்டு, யோசிச்சுச் சொல்றேன்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தர் கழுத்தில் போட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.