மருந்துக் குடுவையின் பக்கம்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. யார் முதலில் பேசினார்கள், யார் அதற்குப் பதில் சொன்னார்கள் என்பதைக் கொஞ்சம் மாற்றிவிட்டாலும் பழி வேறொருவர் தலையில் போய் விழும். அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஆட்டம் ஒன்றுக்குள் முன்பு ஒரு கோட்டை இருந்தது. அதன் கிழக்கே ஒரு மணி, மேற்கே ஒரு மணி. பக்கத்துக்கு ஐந்து பேர் நிற்க வேண்டும். எதிர்ப்பக்கத்து மணியை முதலில் அடிப்பவர்களுக்கு வெற்றி. அடிபட்டு விழுந்தவர்கள் சாவதில்லை. தூரத்தில் இருக்கும் கிணற்றடியில் எழுந்து, அங்கிருந்து மறுபடியும் ஓடி வருவார்கள். பத்துப் பேரில் ஒருவர் விட்டுப் போனாலும் ஆட்டம் அப்படியே நின்றுவிடும்.

கோட்டை வாசலில் ஒரு விளக்கு எரிந்தது. அது எரியும்வரைதான் கோட்டை. சுற்றிலும் ஒரு காலத்தில் எத்தனையோ கோட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றாக அணைந்துவிட்டன. அணைந்த இடத்தில் இருட்டுகூட இல்லை. அங்கே சுவர் இருந்தது, ஆட்கள் சிரித்தார்கள் என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லாத வெறுமைதான் இருந்தது.

கோட்டையில் மிச்சமிருந்த பழைய ஆட்கள் ஐந்து பேர். கொம்பு தலைவன். அது ஊதினால் மற்றவர்கள் கேட்பார்கள். வாள் வாய்க்கொழுப்பு பிடித்தது. ஈட்டி எப்போதும் வாள் சொன்னதற்குத் தலையாட்டும். கேடயம் பெரியது, அதிகம் பேசாது. ஐந்தாவது மருந்துக் குடுவை. அடிபட்டவர் மேல் அது ஒரு சொட்டுத் தெளித்தால் போதும், கிணற்றடிக்குப் போகாமலே எழுந்துவிடலாம்.

குடுவை பயந்த சுபாவம். பயம் வந்தால் அதற்குள் இருக்கும் மருந்து தளும்பும். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்கும்.

"அக்கா மறுபடியும் தளும்புறாங்கப்பா," என்று வாள் சிரிக்கும். ஈட்டியும் சிரிக்கும்.

இந்த ஐந்து பேரும் எப்போதும் கிழக்கில்தான் நிற்பார்கள். அது கோட்டையின் வழக்கம். வழக்கம் ஏற்பட்டபோது அதில் தப்பு எதுவும் இல்லை. அப்போது மேற்கிலும் ஐந்து பழைய ஆட்கள் இருந்தார்கள். சரிக்குச் சரி. பிறகு முரசுக்குக் குழந்தை பிறந்தது, அதற்குத் தூங்கவே நேரமில்லை. வில்லுக்கு வெளியூருக்கு வேலை மாறியது. சங்கிலிக்கு மூட்டுவலி. "வர்றோம், வர்றோம்" என்று சொல்லிக்கொண்டே மேற்குப் பக்கத்து ஐந்து பேரும் போய்விட்டார்கள்.

மேற்கு காலியானது. வழக்கம் மட்டும் போகவில்லை. புதிதாக யார் வந்தாலும் மேற்கில் நிற்கச் சொன்னார்கள். வந்தவர்கள் தோற்றார்கள். மறுபடியும் தோற்றார்கள். ஆட்டம் முடியும் முன்பே ஒருவர் வாசலைப் பார்த்து நடப்பார், ஆட்டம் நிற்கும், அவர் பின்னாலேயே மற்றவர்களும் போய்விடுவார்கள்.

"தாக்குப்பிடிக்கத் தெரியாதவங்க," என்று கொம்பு சொல்லும். "நம்ம காலத்துல நாம என்ன பாடுபட்டோம்!"

குடுவை கேடயத்தின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு இதையெல்லாம் கேட்கும். அதற்குச் சரியென்றும் படவில்லை, தப்பென்றும் படவில்லை. கேடயத்தின் முதுகு பெரிதாக இருந்தது. அது போதும் என்று இருந்தது.

ஒருநாள் காலையில் விளக்கு அவர்களைக் கூப்பிட்டது. அதன் சுடர் கீழே தாழ்ந்திருந்தது.

"மேலே இருந்து ஆட்டத்தை நடத்துறவங்க சொல்லி அனுப்பியிருக்காங்க," என்றது விளக்கு. "நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள இங்கே ஒரு ஆட்டமாவது ஆரம்பிச்சு முடியணுமாம். இல்லேன்னா என்னை அணைச்சிடுவாங்க."

"அவ்வளவுதானே? ஆடிட்டாப் போச்சு," என்றது வாள்.

"முழுசா முடியணும். பாதியில நின்னா கணக்குல சேராது."

"கடைசியா ஒரு ஆட்டம் முழுசா முடிஞ்சது எப்போ?" என்று கேடயம் கேட்டது.

யாருக்கும் ஞாபகம் இல்லை. குடுவைக்குள் மருந்து தளும்பியது. இந்த முறை வாள் சிரிக்கவில்லை.

கொம்பு யோசித்தது. தலைவன் என்றால் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும். "புது ஆளுங்களை நாம சரியாக் கவனிக்கலை. அதான் ஓடிப் போறாங்க," என்றது. "நாளைக்கு வர்றவங்களுக்கு வாசல்லயே எல்லாரும் சேர்ந்து சொல்லிக் கொடுப்போம். நமக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் சொல்லிடுவோம்."

எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. குடுவைக்கும்.

மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள். புதியவர்களுக்கு ஆயுதம் ஏது? வீட்டில் இருந்தபடியே வந்திருந்தார்கள். முன்னால் அகப்பை. அதன் பின்னால் உலக்கை, முறம், துடைப்பம், கடைசியில் ஒரு குடை.

வாளுக்கு வாய் சும்மா இருக்காது. "என்னங்க, கோட்டைக்கு வந்திருக்கீங்களா, பந்திக்கு வந்திருக்கீங்களா?"

"பந்தின்னா இந்நேரம் இலையாவது போட்டிருப்பீங்களே தம்பி," என்றது அகப்பை.

கேடயம் மட்டும் லேசாகச் சிரித்தது. கொம்பு ஊதி எல்லோரையும் அடக்கியது. பிறகு பாடம் ஆரம்பமானது.

"இடது பக்கம் வராதே, அது ஈட்டியோட வழி!"

"வலது பக்கமும் வராதே, அங்கே நான் வருவேன்!"

"விழுந்தா உடனே எழுந்திரு! எழுந்த உடனே ஓடாதே!"

"கிணத்தடியில நிக்காதே!"

"மணியைப் பார்த்து ஓடு! மணியை மட்டும் பார்க்காதே!"

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். குடுவையும் கத்தியது. கத்தாமல் இருந்தால் நீ ஏன் சொல்லிக் கொடுக்கவில்லை என்று கொம்பு கேட்கும் என்ற பயம் அதற்கு. என்ன சொன்னோம் என்றுகூட அதற்குத் தெரியாது.

முறம் பயந்து உலக்கையின் பின்னால் ஒளிந்துகொண்டது. "எங்க சம்பந்தி சண்டையில கூட இத்தனை பேர் சேர்ந்து கத்தினதில்லை," என்று அகப்பை முணுமுணுத்தது.

ஆட்டம் தொடங்கியது. அது ஆட்டமாகவே இல்லை. புதியவர்கள் பாதி வழி வருவதற்குள் வாள் அவர்களைச் சாய்த்தது. கிணற்றடியில் எழுந்து வந்தால் ஈட்டி சாய்த்தது. ஈட்டிக்குத் தப்பித் தவறி ஒரு கீறல் விழுந்தாலும் குடுவை ஓடிப் போய்த் தெளித்தது. கிழக்கில் யாரும் ஒருமுறைகூட விழவில்லை. மேற்கில் யாரும் நிற்கவே முடியவில்லை.

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ விழுந்து எழுந்த குடை, மணியைப் பார்த்து ஓடாமல் வாசலைப் பார்த்து நடந்தது.

ஆட்டம் நின்றது. விளக்கு ஒருமுறை துடித்து இன்னும் தாழ்ந்தது. பொழுது சாய அதிக நேரம் இல்லை.

"எங்கே போறே?" என்று கொம்பு ஊதியது.

"வீட்டுக்கு," என்றது குடை. "இங்கே நான் வந்தது நீங்க வெட்டிப் பழகறதுக்கா?"

"போகட்டும் விடு," என்றது வாள். "வேற ஆள் வரும்."

"எங்கிருந்து வரும்?" என்று குடுவை கேட்டது.

அது வாய்விட்டுக் கேட்டதை அதுவே எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குடுவை கோட்டைச் சுவருக்கு அப்பால் பார்த்தது. வெறுமை முன்பிருந்ததைவிடப் பக்கத்தில் இருப்பது போல இருந்தது. இத்தனை நாளும் கேடயத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றதால் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை. அந்த வெறுமை வந்தால் கேடயத்தின் முதுகு எதைத் தடுக்கும்? கேடயமும்தான் போகும்.

குடுவை தளும்பிக்கொண்டே வாசலுக்கு ஓடியது. ஓடியது என்று சொல்கிறேன், உண்மையில் உருண்டது.

"போகாதே," என்று குடையிடம் சொன்னது. "என் இடத்துல போய் நில்லு. நான் மேற்குக்கு வர்றேன்."

"கிழக்கிலயா? என்னை அங்கே விடுவாங்களா?"

"விடமாட்டேன்," என்றது கொம்பு. அதன் குரல் கோட்டை முழுக்க அதிர்ந்தது. "குடுவை, வழக்கம்னு ஒண்ணு இருக்கு. ஆரம்பத்துல இருந்து நாம ஒண்ணா நின்னவங்க. அந்தப் பக்கம் கால் வெச்சா, வாசல் அங்கேதான் இருக்கு. நீயும் அப்படியே போயிடலாம்."

"அக்காவுக்கு வெயில் தலைக்கேறிடுச்சு," என்றது வாள்.

குடுவைக்கு அழுகை வந்தது. வெளியே தள்ளிவிட்டால் எங்கே போவது? அதற்கு வேறு கோட்டை தெரியாது. வேறு கோட்டைகளே இல்லை. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தது. ஆனால் திரும்பிப் போனால் குடை போய்விடும், குடை போனால் விளக்கு போய்விடும். இரண்டு பயமும் எதிரெதிரே நின்றன. எது பெரிய பயமோ அதன் பேச்சைத்தான் குடுவை கேட்டது.

"அண்ணே," என்றது நடுங்கும் குரலில். "என்னைத் தள்ளினா ஒன்பது பேர்தான் இருப்போம். ஒன்பது பேரை வெச்சுக்கிட்டு நீங்க யாருக்குத் தலைவர்?"

கொம்பு ஊத வாயெடுத்தது. ஊதாமல், தாழ்ந்திருந்த விளக்கைப் பார்த்தது.

அப்போது கேடயம் தொண்டையைச் செருமிக்கொண்டது. "விடுப்பா. எனக்கும் நின்னு நின்னு மண்டை காயுது. குடை வந்தா கொஞ்சம் நிழலாவது கிடைக்கும்."

குடைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது கிழக்குக்குப் போனது. குடுவை மேற்குக்கு வந்தது.

ஆட்டம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

வாள் பழையபடி பாய்ந்து வந்தது. உலக்கையைச் சாய்த்தது. குடுவை ஒரு சொட்டுத் தெளிக்க, உலக்கை அங்கேயே எழுந்து நின்றது. வாள் அதை எதிர்பார்க்கவில்லை. உலக்கை மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் இறங்கினால் இறங்கியதுதான். வாள் விழுந்தது. தெளிக்க அங்கே யாரும் இல்லை.

கிணற்றடியில் எழுந்த வாள் சுற்றுமுற்றும் பார்த்தது. கோட்டை எங்கோ தூரத்தில் தெரிந்தது.

"இவ்வளவு தூரமா?" என்றது. "இவ்வளவு தூரமாடா ஓடணும்?"

பக்கத்தில் எழுந்த துடைப்பம், "வாங்க தம்பி, பேசிக்கிட்டே போகலாம். எங்களுக்குப் பழகின ரோடுதான்," என்றது.

அன்றைக்கும் கிழக்குதான் ஜெயித்தது. இதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் வெகுநேரம் கழித்துத்தான் ஜெயித்தது. அகப்பை கிழக்கு மணியைத் தொடக் கை நீட்டியபோது, ஈட்டி மேற்கு மணியை அடித்துவிட்டது. யாரும் பாதியில் போகவில்லை. மணி ஒலித்து அடங்கியது. ஆட்டம் முடிந்தது. விளக்கின் சுடர் நிமிர்ந்தது.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். குடுவையால் மட்டும் விட முடியவில்லை. கலையும்போது கொம்பு அதன் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னது: "இன்னிக்கு அவசரம், சரின்னு விட்டேன். நாளைக்கு நான் ஊதும்போது நீ கிழக்குல இருக்கணும்."

குடுவைக்குத் தன்னைப் பற்றித் தெரியும். கொம்பு ஊதினால் அதன் கால் தானாகக் கிழக்கே திரும்பிவிடும். ஒருநாள் வந்த தைரியம் மறுநாளும் வரும் என்று அதற்கு நம்பிக்கை இல்லை. அது போய்விட்டால் பழையபடி மேற்கு தோற்கும், ஒருவர் வாசலுக்கு நடப்பார், மேலே இருப்பவர்கள் மறுபடியும் சொல்லி அனுப்புவார்கள்.

அதனால் மறுநாள் கொம்பு எழுவதற்கு முன்பே குடுவை மேற்குக்குப் போனது. அங்கே அகப்பை மட்டும் வந்திருந்தது.

"என்னக்கா, இவ்வளவு சீக்கிரமா? முகமெல்லாம் வெளுத்திருக்கு?"

"பயமா இருக்கு. கொஞ்சம் கிட்டே வா. நிமிர்ந்து நில்லு, ஆடாதே."

அகப்பை நிமிர்ந்து நின்றது. குடுவை தன் மூடியைத் திறந்து, தன்னிடம் இருந்த மருந்தில் பாதியை அகப்பையில் ஊற்றியது.