சீட்டில் எழுதாத கேள்வி

கேள்வி கேட்பதற்கு ஆள் பிடித்து வைத்த ஒருத்தியின் கதை இது. சிரிப்பாகத்தான் இருக்கும். அவளும் இப்போது சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அன்றைக்கு அழுகைதான் வந்தது.

பெயர் இசக்கியம்மாள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் மூன்றாம் வருஷம். மண்டலத்து இளங்கலை மாணவர்களுக்கான ஆய்வு மாநாடு அந்த முறை அவர்கள் கல்லூரிக்கு வந்தது. அழைப்பிதழ் அடிப்பதிலிருந்து பந்தி விசாரிப்பது வரை எல்லாம் மாணவர்கள் பொறுப்பு. "நாங்க கூட நிப்போம், குறுக்க நிக்க மாட்டோம்" என்று விலங்கியல் பேராசிரியை எப்சிபா மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். இசக்கிதான் மாணவர் செயலாளர். பத்தொன்பது கல்லூரிகள், இருபத்திரண்டு கட்டுரைகள். ஒருவருக்கு எட்டு நிமிஷம் பேச்சு, இரண்டு நிமிஷம் கேள்வி.

அந்த இரண்டு நிமிஷம்தான் இசக்கியின் தூக்கத்தைக் கெடுத்தது.

காரணம் இருந்தது. முதல் வருஷத்தில் அவளே வேறொரு கல்லூரிக்குக் கட்டுரை வாசிக்கப் போனாள். வயல் நத்தைகளைப் பற்றி. மூன்று மாசம் வரப்பில் குனிந்து குனிந்து நடந்து எழுதியது. வாசித்து முடித்ததும் தலைமை தாங்கியவர், "யாருக்கும் ஏதாவது கேள்வி இருக்கா?" என்றார். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். "நன்றிம்மா" என்று அவளை இறக்கிவிட்டார்கள். பஸ்ஸில் வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். யாராவது தப்பு என்று திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அதனால் இந்த மாநாட்டில் ஒரு பிள்ளைகூட அப்படி வெறும் கையோடு இறங்கக் கூடாது என்று முடிவு பண்ணினாள். இருபத்திரண்டு ஆய்வுச் சுருக்கங்களையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி தயார் பண்ணி, சின்னச் சீட்டுகளில் எழுதினாள். யாரும் கேட்கவில்லை என்றால் தொண்டர் படையில் ஒருவர் எழுந்து சீட்டில் உள்ளதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. என்ன இருந்தாலும் மனசு உறுத்தியது. மேடத்தைத் தேடி ஆய்வுக்கூடத்துக்குப் போனாள்.

எப்சிபா மேடம் பழைய கண்ணாடி ஜாடிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு கடல்குதிரை, ஒரு பச்சைப்பாம்பு. மேடம் அதிகம் பேச மாட்டார். பேசினால் மறுநாள்தான் உறைக்கும்.

"மேடம், ஒருத்தங்க பேசி முடிச்சப்புறம் யாருமே எதுவும் கேக்கலன்னா என்ன செய்ய?"

மேடம் துணியைக் கீழே வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இசக்கியைப் பார்த்தார். வாயே திறக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

இசக்கிக்கு வேர்த்துவிட்டது. "மேடம்? உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"ஒம்பது செகண்டு" என்றார் மேடம். "அதுக்கு மேல உன்னால பொறுக்க முடியல."

திரும்பவும் துணியை எடுத்துக்கொண்டார்.

இசக்கிக்கு ஏதோ விளங்குகிற மாதிரி இருந்தது. ஆனால் பேனர் அடிக்கிற கடையிலிருந்து போன் வந்தது. விளங்கியது அப்படியே நழுவிவிட்டது.

"அப்ப சீட்டு குடுக்கலாமா மேடம்?"

"மாநாடு உன்னோடதுல்லா."

குடுத்தாள். ஒரே ஒரு தப்பு செய்தாள். சீட்டில் பேசுகிறவர்களின் பெயரை எழுதாமல் அந்தந்த அமர்வின் வரிசை எண்ணை எழுதினாள். முதல் கட்டுரை, இரண்டாம் கட்டுரை என்று. நிகழ்ச்சி நிரல் போட்டால் அதன்படிதான் நடக்கும் என்று நம்பிய வயசு.

மாநாட்டன்று சிறப்பு விருந்தினர் வரவே ஒன்றேகால் மணி நேரம் தாமதம். குத்துவிளக்கில் சரிபார்க்க ஏற்றிய திரி ஒரு தடவை எரிந்து தீர்ந்து மறுதிரி போட வேண்டியதாயிற்று. பொன்னாடை, நினைவுப்பரிசு, வாழ்த்துரை எல்லாம் முடிய மணி பதினொன்றாகிவிட்டது. ஆனாலும் காலையில் பேசிய பிள்ளைகளுக்கெல்லாம் கேள்வி வந்தது. சீட்டு ஒழுங்காக வேலை செய்தது. ஒவ்வொரு முகமும் மலர்ந்து இறங்குவதைப் பார்த்து இசக்கி தனியாக நின்று பூரித்துப் போனாள்.

மத்தியான அமர்வில் மூன்றாவதாகப் பேச வேண்டியவன் ஒரு பையன். கிணற்றுத் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்களைப் பற்றிய கட்டுரை. சாப்பிட்டுவிட்டு எங்கே போனானோ, ஆளைக் காணோம். தலைமை தாங்கிய வெளியூர்ப் பேராசிரியர், "நாலாவது ஆளு வரட்டும், நேரம் போகுது" என்று சொல்லிவிட்டார்.

நாலாவது ஆள் தெய்வக்கனி. செங்கோட்டைப் பக்கத்து அரசுக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவள் கல்லூரியிலிருந்து வந்தது அவள் ஒருத்திதான். விடியுமுன் கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். புதுச் சுடிதாரில் மடிப்பு கலையாமல் மேடையேறி, மைக்கைப் பிடித்து, பஸ் ஸ்டாண்டு டியூப்லைட்டுகளில் வாழும் பல்லிகளைப் பற்றிப் பேசினாள்.

இசக்கி அப்போது அரங்கத்துக்கு வெளியே நின்று போனில் கத்திக்கொண்டிருந்தாள். பரிசுக் கேடயம் செய்கிறவர் கல்லூரிப் பெயரில் ஒரு எழுத்தை விட்டிருந்தார். திடீரென்று உள்ளே குப்பென்று சிரிப்பு. நூறு பேர், இருநூறு பேர் சிரிக்கிற சிரிப்பு.

ஓடிப் போய் எட்டிப் பார்த்தாள். தொண்டர் சந்தனராஜ் சீட்டோடு பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் இருந்தவளிடம் விசாரித்தாள்.

நடந்தது இதுதான். தெய்வக்கனி பேசி முடித்தாள். கேள்வி இருக்கிறதா என்றார்கள். ஒரு நொடிகூட ஆகவில்லை, சந்தனராஜ் எழுந்துவிட்டான். மூன்றாம் எண் சீட்டை எடுத்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் படித்தான். "தண்ணீர எத்தன டிகிரியில வச்சிருந்தீங்க?"

தெய்வக்கனி திகைத்துப் போய், பாவம், மரியாதையாகப் பதில் சொன்னாள். "பல்லிக்கு நான் தண்ணி வைக்கல சார்."

அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. தலைமை தாங்கியவரும் சிரித்துவிட்டார். "சரிம்மா, நல்ல பதில். அடுத்தது யாரு?"

தெய்வக்கனி இறங்கி வந்தாள். கடைசி வரிசையில் வைத்திருந்த பையை எடுத்தாள். யாரையும் பார்க்கவில்லை. சான்றிதழ் மேசையைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.

இசக்கி தேநீர் மேசை அருகே நின்ற மேடத்திடம் ஓடினாள்.

"மேடம், நான் பாவி மேடம். நாந்தான் எழுதிக் குடுத்தேன். மைக்குல மன்னிப்புக் கேட்டுருதேன். சிறந்த கட்டுரைப் பரிச அவளுக்கே குடுத்துருவோம் மேடம்."

"அதுக்கு நடுவர் இருக்காங்க."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

மேடம் தேநீரை ஒரு வாய் குடித்தார். "அந்தப் பிள்ள என்ன பேசிச்சு?"

"பல்லி மேடம். டியூப்லைட்டுகள பல்லிங்க எப்படிப் பங்கு போட்டுக்கிடுதுன்னு."

"அது நீ படிச்ச சுருக்கம். மேடையில என்ன பேசிச்சு?"

இசக்கி கேடயம், எழுத்து, போன் என்று இழுத்தாள்.

"நாலு மணிக்கு நிறைவு விழா" என்றார் மேடம். "உன் நன்றியுரை இருக்கு. மணி மூணே முக்கால்."

போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பத்து நாளாகக் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்த நன்றியுரை. பல்கலைக்கழகத்திலிருந்து பெரியவர்கள் வந்து உட்காரும் மேடை. இசக்கி மேசையிலிருந்து ஒரு சான்றிதழை உருவிக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினாள்.

கல்லூரிக்கு எதிரே பஸ் நிறுத்தம். தெய்வக்கனி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சர்டிபிகேட் வாங்காம வந்துட்டியே."

"இருக்கட்டும்க்கா." வாங்குவதற்குக் கையை நீட்டவில்லை.

இசக்கி பக்கத்தில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கத் தெம்பில்லை. "அந்தக் கேள்விய எழுதுனது நாந்தான். வேற பையனுக்கு எழுதுனது. உனக்கு வந்துட்டு."

"நீங்களா? எதுக்குக்கா?"

"யாருமே எதுவும் கேக்காம விட்டா உனக்கு மனசு கஷ்டமாயிரும்னு."

தெய்வக்கனி தார்ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள். "கேக்கலன்னா கேக்கலன்னு போயிருப்பேன்க்கா. நல்லாப் பேசுனேன்னு எங்கம்மாட்ட சொல்லிருப்பேன். இப்ப என்னன்னு சொல்ல?"

இரண்டு பேருக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தார்கள்.

தென்காசி பஸ் வந்தது. தெய்வக்கனி எழுந்தாள்.

"ஏட்டி, இத விட்டா அடுத்தது எப்ப?"

"நாலரைக்கு."

"அதுல போ. நீ பேசுனத நான் கேக்கல. வெளிய நின்னு போன் பேசிட்டு இருந்தேன். எனக்கு முதல்லருந்து சொல்லுதியா?"

கண்டக்டர் விசில் ஊதப் போனார். தெய்வக்கனி இசக்கியின் முகத்தைப் பார்த்தாள். பொய்யில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் மேடையில் சொன்ன மாதிரியே ஒப்பித்தாள். அப்புறம் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். தினமும் சாயங்காலம் பஸ் மாறுகிற இடத்தில் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு டியூப்லைட். சும்மா எண்ண ஆரம்பித்தது. எண்ணிப் பார்த்தால் அதே லைட்டில் அதே பல்லி. வாலை வைத்து அடையாளம், முதுகுப் புள்ளியை வைத்து அடையாளம். ஒவ்வொன்றுக்கும் பேர்கூட வைத்திருந்தாள். ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று வந்தால் சண்டை. சொல்லச் சொல்ல குரல் தெளிந்தது. கையை ஆட்டிப் பேசத் தொடங்கினாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி கரகரத்தது. "இப்பொழுது நன்றியுரை. மாணவர் செயலாளர் செல்வி இசக்கியம்மாள் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்."

தெய்வக்கனி நிறுத்தினாள். "அக்கா, உங்களத்தான் கூப்பிடுதாங்க."

"செல்வி இசக்கியம்மாள்" என்று மறுபடியும் கூப்பிட்டார்கள். இசக்கிக்கு நெஞ்சு ஒரு தடவை அந்தப் பக்கம் போய்விட்டுத்தான் வந்தது. போகாமல் இருக்குமா?

"கூப்பிடட்டும். நீ சொல்லு. ஏழாவது லைட்டு?"

"ஏழாவதுலதான்க்கா கட்டவால் இருந்துச்சு. வால் அறுந்த பல்லி. அந்த லைட்டு பீஸ் போயிட்டு. மத்த பல்லின்னா இடம் மாறிரும். கட்டவால் மாறல. எரியாத லைட்டுலயே பதினோரு நாளு இருந்துச்சு."

"பதினோரு நாளா?" இசக்கி நிமிர்ந்தாள். "வெளிச்சம் இல்லன்னா பூச்சி வராதே? அப்ப அது என்னத்தத் தின்னுச்சு?"

தெய்வக்கனி ஆட்டிய கையை அப்படியே நிறுத்தினாள். பிறகு அவள் முகம் மலர்ந்ததே, அதைக் காலையிலிருந்து மேடை இறங்கிய எந்த முகத்திலும் இசக்கி பார்க்கவில்லை.

"அதான்க்கா எனக்கும் தெரியல! எங்க சார்ட்ட சொன்னேன், அவருக்கும் தெரியல. யாராச்சும் கேப்பாங்கன்னுதான் அத அங்க சொன்னேன்."

நாலரை பஸ் வந்து நின்றபோது இரண்டு பேரும் நோட்டுக்குள் தலையை விட்டிருந்தார்கள். கண்டக்டர் அதட்டிய பிறகுதான் தெய்வக்கனி ஓடி ஏறினாள். சான்றிதழை இசக்கி ஜன்னல் வழியாகத் திணித்தாள். பஸ் நகர்ந்தது. தெய்வக்கனி கம்பியில் முகத்தை வைத்து இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். இஞ்சின் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது.

இசக்கி அரங்கத்துக்குத் திரும்பியபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எப்சிபா மேடம் மேடையில் தனியாக நின்று பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இசக்கி போய் மறுமுனையைப் பிடித்தாள்.

"நன்றியுரை யாரு மேடம் சொன்னா?"

"சந்தனராஜ். உனக்கும் நன்றி சொன்னான்."

இசக்கிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் வலியும். கட்டைவால் பல்லியின் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். பதினோரு நாள் கணக்கு வந்ததும் மேடம் சுருட்டுவதை நிறுத்திவிட்டார். இருபது வருஷம் விலங்கியல் நடத்தியவர். மேற்கூரை டியூப்லைட்டை அண்ணாந்து பார்த்தார்.

"தெரியலையே பிள்ள" என்றார். "அந்தப் பிள்ள போன் நம்பர் வாங்குனியா?"

"வாங்கிட்டேன் மேடம்."

பேனர் சுருட்டி முடிந்தது. அப்போதுதான் இசக்கிக்கு உறைத்தது. அவள் செயலாளர். தன் மாநாட்டின் கடைசி முக்கால் மணி நேரத்தை அவள் பார்க்கவே இல்லை. தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மாநாடு நல்லபடியா நடந்துச்சா மேடம்?"

"அத நீதான சொல்லணும்" என்றார் மேடம். "நான் இந்த ஹால விட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு வரலையே."