நடுக்குளத்துச் சோதனை

தீர்த்தவாரி அன்று கோயில் குளத்தில் முங்குகிறவர்களுக்குக் காவலாக நிற்கும் தொண்டர்களில் கோமளவல்லியும் ஒருத்தி. இரட்டைப் பிள்ளை பெற்று வீட்டோடு இருந்ததில் அவளுடைய உயிர்காப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. அதைப் புதுப்பிக்கக் குளத்துக்கு வந்தாள்.

சோதிக்க வந்த அதிகாரி தனஞ்செயன் மலை மாதிரி ஆள். வாய் அதைவிடப் பெரிது. நடுக்குளத்தில் நின்ற வாக்கில் நீந்தியபடி, "நான் மூழ்குறேன். பிள்ளைக்குப் பாலாடை பிடிச்ச கை என்னை இழுக்குதான்னு பார்ப்போம்" என்றார்.

கோமளவல்லி படியில் நின்றபடியே, கயிறு கட்டிய பிளாஸ்டிக் குடத்தை அவர் பக்கம் வீசினாள்.

"பிடிக்க மாட்டேன். மூழ்குறவனுக்குப் புத்தி இருக்காதும்மா."

"மூழ்குறவங்களுக்குப் பேச்சும் வராது சார். நீங்க பேசுற வரைக்கும் எனக்கு வேலையில்ல."

கரையே சிரித்தது. ரோஷத்தோடு பதில் சொல்ல வாயைத் திறந்தார். தண்ணீர் உள்ளே போய்விட்டது. வாயில் சத்தமே இல்லாமல் கை மட்டும் தண்ணீரை அடித்தது. நல்ல நடிப்பென்று எல்லோரும் கைதட்டினார்கள். கோமளவல்லி குதித்தாள். குடத்தை அவர் நெஞ்சுக்கடியில் கொடுத்து இழுத்து வந்தாள்.

படியில் இருமி முடித்தவர், முதல் வேலையாகச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவளைக் கும்பிட்டார்.

"எல்லாரும் கைதட்டினாங்க. உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது தாயி?"

"வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கே சார். சத்தம் நின்னாத்தான் ஓடணும்."