பின்பக்கமா மலை ஏறுன கரி பஸ்ஸு

ஒரு ஊர்ல ஒரு பஸ்ஸு இருந்துச்சு, கண்ணு. மலை அடிவாரத்து ஊரு. அந்த பஸ்ஸு எதைத் தின்னு ஓடுச்சு தெரியுமா? அடுப்புக்கரி! சிரிக்காத, நெசமாத்தான். அப்போ சீமையில பெரிய யுத்தம். பெட்ரோல் பூராவும் யுத்தத்துக்குப் போயிருச்சு. அதனால பஸ்ஸுக்குப் பின்னால ஆள் உசரத்துக்கு ஒரு இரும்பு டிரம்மை மாட்டி, கரியைக் கொட்டிப் பத்த வச்சு, அதுல வர்ற வாயுவைக் குழாய் வழியா இஞ்சினுக்கு அனுப்புவாங்க. லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டே போகும் பஸ்ஸு.

ம் கொட்டு. ஆங், அப்படித்தான்.

அதை ஓட்டுனவரு கனி ராவுத்தர். கையால சுத்தி ஸ்டார்ட் பண்ற கார், பந்தை அமுக்குனா பாம் பாம்னு கத்துற ஹாரன், எல்லாத்தையும் பார்த்த மனுசன். ஆனா அவருக்கு ஒரு பயம் இருந்துச்சு. முந்தின வருஷம் ஏத்தத்துல இஞ்சின் நின்னு, பஸ்ஸு கடகடன்னு பின்னால உருண்டு, பள்ளத்து விளிம்புல போய் நின்னுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அன்னையிலேர்ந்து வண்டி ஒரு சாண் பின்னால போனாலும் பிரேக்கைப் போட்டு மிதிச்சிருவாரு.

அப்புறம் ஒரு நாள் காலைல நர்ஸு எஸ்தரம்மா மூச்சு வாங்க ஓடி வந்தாங்க. கையில ஒரு தகரப் பெட்டி. "ராவுத்தரே, மலை மேல எஸ்டேட்ல ஒரு புள்ளைக்குத் தொண்டை அடைப்பான் நோவு, தொண்டையில சவ்வு அடைச்சிருக்கு. செல்லத்தாயின்னு பேரு, ஆறு வயசு. இதுக்குள்ள ஊசி மருந்து, ஐஸுல வச்சிருக்கேன். ஐஸு கரையிறதுக்குள்ள போகணும்."

அப்பவே பெட்டியிலேர்ந்து சொட்டு, சொட்டுன்னு தண்ணி.

ஆனா கரி பஸ்ஸு நெனச்ச ஒடனே கிளம்புமா? கண்டக்டர் மொக்கைச்சாமி கரி கனலுறதுக்காக டிரம்முல இருக்குற காத்தாடியைச் சுத்துறான், கர்ர் கர்ர் கர்ர்னு. அரை மணி நேரமாச்சு. புகைதான் வருது. ராவுத்தர் முன்னால வந்து இஞ்சின் கம்பியைப் பிடிச்சுச் சுத்துனாரு. டொக்! கம்பி எதிர்த்து அடிச்சுது, கை ஒடியாம தப்புச்சு. திரும்பச் சுத்துனாரு. டொர்ர்ர்ர்... பிடிச்சிருச்சு!

சொட்டு, சொட்டு.

அப்புறம் பாதி மலையில, மழைத் தூறல். புக்... புக்... புஸ்ஸுன்னு நின்னுச்சு பஸ்ஸு. "அண்ணே, சாம்பல் அடைச்சிருச்சு"ன்னு மொக்கைச்சாமி இறங்கி, டிரம்மைத் திறந்து, கம்பியால குத்திக் கெளறுனான். அடைப்பு போச்சு. ஆனா கரி வாயு பொல்லாதது. கண்ணு சொருகி, தொபுக்கடீர்னு ரோட்டுல விழுந்துட்டான்! எஸ்தரம்மா அவனைக் காத்தாடப் படுக்க வச்சு, முகத்துல தண்ணி அடிச்சாங்க. முழிச்சான். ஆனா நிக்க முடியல, தலை சுத்துது. சீட்டுல படுக்க வச்சுட்டுக் கிளம்புனாங்க.

ராவுத்தர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாரு. ஐஸு பாதிதான் இருக்கு.

ம்? தூங்கிட்டியா? இல்லையா? சரி.

அப்போ வந்துச்சு கடைசி வளைவு. அதைத் தாண்டி ஒரு செங்குத்தான ஏத்தம். அது ஏறிட்டா நாலு மைல் சமதரை, பறந்துறலாம். பாரம் குறையட்டும்னு எஸ்தரம்மா இறங்கி நடந்தாங்க. ராவுத்தர் கியரைப் போட்டு மிதிச்சாரு. ஹூம்ம்ம்... முக்கி முனகி நின்னு, பின்னால நழுவுது! "கட்டை! கட்டை!"ன்னு கத்துனாரு. கட்டை போடுற மொக்கைச்சாமிதான் படுத்துக் கெடக்கானே! எஸ்தரம்மா ஓடிப்போய்க் கட்டையைத் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில சொருகுனாங்க. நின்னுச்சு.

ரெண்டாந்தடவையும் அதே கதி. ராவுத்தருக்கு வேர்த்து ஊத்துது.

அப்போ அவருக்கு ஒண்ணு தோணுச்சு. அந்தக் காலத்துக் கார்ல பெட்ரோல் டேங்கு சீட்டுக்கு அடியில இருக்கும். ஏத்தத்துல முன்னால இருக்குற இஞ்சினுக்குப் பெட்ரோல் இறங்காது. அதனால டிரைவருங்க காரைத் திருப்பி, பின்பக்கமா மலை ஏத்துவாங்க. அது மட்டுமா, பின்னால போற கியருக்குத்தான் இழுவை ஜாஸ்தி. அது இந்த பஸ்ஸுக்கும் உண்டு.

உண்டுதான். ஆனா பின்னாலயா? அவரா?

"எஸ்தரம்மா, எனக்குப் பின்னால போகப் பயமா இருக்கு"ன்னாரு.

"எனக்கும்தான் பயமா இருக்கு. என்ன பண்ணணும், சொல்லுங்க."

"பின்னால டிரம்மும் புகையும் மறைக்குது, ஒண்ணும் தெரியாது. நீங்க கூடவே நடந்து குரல் குடுக்கணும். குரல் நின்னா நான் நின்னுருவேன்."

பெட்டியை அவரு பக்கத்துல வச்சுட்டு எஸ்தரம்மா பஸ்ஸுக்குப் பின்னால போனாங்க. வளைவுல இருந்த அகலத்துல வண்டியை முன்னயும் பின்னயும் ஒடிச்சுத் திருப்புனாரு. கழுத்தை முறுக்கி, ஜன்னல்ல தலையை நீட்டி, பின்கியரைப் போட்டாரு.

"வாங்க... வாங்க... இடது பக்கம் பள்ளம்! வலது ஒடிங்க... வாங்க..."

கொர்ர்ர்... கொர்ர்ர்... அடி அடியா ஏறுது பஸ்ஸு. கல்லு தெறிச்சுப் பள்ளத்துல விழுகுது, அது கீழ போய்ச் சேர்ற சத்தமே கேக்கல. திடீர்னு எஸ்தரம்மா குரல் நின்னுபோச்சு!

அழுத்துனாரு பிரேக்கை. "எஸ்தரம்மா!"

லொக்கு லொக்கு. "ஒண்ணுமில்ல, புகை... வாங்க, வாங்க..."

ஏறிருச்சு! மேல போய்த் திருப்பி, நாலு மைலும் பறந்தாங்க. எஸ்டேட் ஆஸ்பத்திரி வாசல்ல பெட்டியைத் திறந்தா, சுண்டுவிரல் அளவு ஐஸு மிச்சம். எஸ்தரம்மா உள்ள ஓடுனாங்க.

ராவுத்தர் வெளிய நின்னாரு. வெளக்கு வைக்கிற நேரம் ஆச்சு. யாரும் வரல. மறுநாள் வெயில் ஏறுச்சு. அப்பவும் நின்னாரு.

அப்புறம் எஸ்தரம்மா வந்தாங்க. அவங்க ஒண்ணும் சொல்றதுக்கு முன்னாடியே உள்ளேர்ந்து ஒரு குரல், கரகரன்னு, தவளைக்குட்டி மாதிரி. "யம்மா, கஞ்சி!"

"ராவுத்தரே, கேட்டீங்களா? ஏன் வேற எங்கயோ பாக்குறீங்க?"

"உங்களைத்தாம்மா பாக்கணும். நேத்துத் திருப்புன கழுத்து, இன்னும் நேரா வரல"ன்னாரு. சொல்லும்போதே கண்ணுலேர்ந்து தண்ணி வழிஞ்சு, அதுவும் கோணலாவே ஓடுச்சு.

அம்புட்டுத்தான். பஸ்ஸும் போய்ச் சேர்ந்துருச்சு, கதையும் போய்ச் சேர்ந்துருச்சு. நீயும் கண்ணை மூடு, தங்கம்.